பிரேக் கால்

பாசிக்குடா ஹோட்டலொன்று ஏலத்தில் விட்ட பியானோ.
உப்புக் காற்றில் திருகாணிகள் சிவந்திருந்தன,
சுவிட்ச் இறுகிப்போயிருந்தது,
எண்பத்தெட்டுக் கட்டைகளும் பேசின.
கால்மிதி மட்டும் இல்லை.

பின்சீட்டில் குறுக்கே கிடத்தி
இரண்டு பக்கமும் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க
கிரான், சித்தாண்டி, ஏறாவூர் என்று
உருட்டிக்கொண்டு வந்தேன்.
என் ஆட்டோவுக்கு அன்றைக்கு மட்டும்
பஸ்கள் வழிவிட்டன.

மிதி கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது.
கறுப்பாய் ஒரு சின்னப் பெட்டி, வால்போல வயர்.
தொட்டதும் சீமெந்துத் தரையில் வழுக்கிச்
சுவருக்கு ஓடியது.
பழைய டியூப்பை வெட்டி அடியில் ஒட்டினேன்.

அழுத்தினால் ஒலி நீளும்.
எடுத்தால் நிற்கும்.
கூட வந்த தாளில் அப்படித்தான் படம் போட்டிருந்தது.

அதை என் வலது காலுக்கு யார் சொல்வது?
பத்தொன்பது வருடமாக அதற்குத் தெரிந்தது
ஒரே ஒரு சொல்: நில்.
மாட்டுக்கு நில். அரசடிச் சந்தியில் நில்.
கைகாட்டும் பொலிசுக்கு நில்.
ஊறணியில் பந்துக்குப் பின்னால் ஓடிவந்த பையனுக்கு
நில், நில், நில்.
அன்றைக்கு மிஞ்சியது ஒரு விரற்கடை.

முடிய வேண்டிய இடமெல்லாம்
அந்தக் கால் பதறி மிதித்தது.
முந்தின சுரம் போகவில்லை,
பிந்தின சுரம் வந்துவிட்டது,
ஒன்றின் மேல் ஒன்று ஏறி
காலை எட்டு மணிக்கு
பெரியாஸ்பத்திரி கேட் மாதிரி.
நைட் டியூட்டிக்கு வெளிக்கிட்ட ஜெசிந்தா
"கதவைச் சாத்திட்டு வாசியுங்க" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை கரண்ட் போனது.
இருட்டில் கால் மிதியிலேயே இருந்தது.
எடுக்கத் தோன்றவில்லை.
கரண்ட் வந்ததும் பியானோ கண்விழித்து
மிதி கீழே கிடப்பதைப் பார்த்திருக்கிறது.
ஓ, இந்த வீட்டில் சும்மா இருப்பது
இப்படித்தானாக்கும் என்று நினைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு மிதித்தால் நின்றது.
எடுத்தால் ஓடியது.

எனக்கெங்கே இது தெரியும்?
கால் தேறிவிட்டது என்று நினைத்தேன்.
இறுகின சுவிட்சை நான் அணைப்பதேயில்லை,
மின்சார சபையும் பத்து நாள் இரக்கமாயிருந்தது.
பத்து இரவு, ஹயர் முடித்து, கால் கழுவி,
சாரத்தோடு உட்கார்ந்து
நான் ஒரு பியானோக்காரன்.

பதினோராம் நாள் இமெல்டா வந்தாள்,
தாண்டவன்வெளிக் கோயிலில் வாசிக்கிறவள்.
இரண்டு வரி வாசித்துக் கையை எடுத்தாள்.
"என்ன அண்ணன், எல்லாம் கஞ்சியாக் கிடக்கு?"
குறடு கேட்டாள்.
சுவிட்சைத் திருப்பி, பத்து எண்ணி, போட்டாள்.
"போடக்குள்ள கால எடுங்க. அவ்வளவுதான்."

மறுகா அவள் வாசித்தாள்.
ஒரு சுரம் போக, அதன் ஈரம் காயுமுன்
அடுத்தது வந்து நின்றது.
கால் மாற்றியது எப்போதென்று தெரியவில்லை.
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவள் போன பிறகு
மிதித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டுவிடலாமென்று
குறட்டை எடுத்தேன்.
வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.

அப்போதுதான் இடது காலைப் பார்த்தேன்.
பத்தொன்பது வருடம்
ஒரு சதம் வாடகை தராமல்
மட்டக்களப்பு முழுக்க என்னோடு சுற்றிய ஆள்.
மிதியை அந்தப் பக்கம் நகர்த்தினேன்.
பார்ப்பவர்களுக்கு நான் இப்போது
இடுப்பு சுளுக்கினவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.
அதற்குப் பழைய சொல் எதுவும் தெரியாது.
நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டது.

நேற்று றிஸ்மியா டீச்சரை
காத்தான்குடிக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.
கல்லடிப் பாலத்தில் ஏறும்போது
பின்னாலிருந்து கேட்டார்:
"தம்பி, கீழ என்னமோ தட்டுதே.
ஒருக்கா நிப்பாட்டிப் பார்ப்பமா?"

"இல்ல டீச்சர்,
அது அப்படித்தான்" என்றேன்.

நிப்பாட்டவில்லை.